வைக்கோலுக்கு நெருப்பு வைக்க முதல்

சிறுபோக அறுவடை முடிந்த கையோடு மட்டக்களப்பு உன்னிச்சைப் பக்கம் போனால், வெட்டு மெசின் தள்ளிவிட்டுப் போன வைக்கோல் வரிவரியாகக் கிடக்கும். பொழுதுபட அதற்கு நெருப்பு வைப்பார்கள். நெல் மண்ணிலிருந்து எடுத்த பொற்றாசியத்தில் ஏறக்குறைய 80 வீதம் அந்த வைக்கோலில்தான் இருக்கிறது. எரித்தால் நைதரசன் புகையோடு போய்விடும், சாம்பலில் மிஞ்சுவதில் ஒரு பங்கை மழை அள்ளிக்கொண்டு போகும். பிறகு அதே சத்தை எம்.ஓ.பி. என்ற பொற்றாசியப் பசளை மூட்டையாகக் காசு கொடுத்து வாங்குகிறோம்.

வைக்கோலை எரிக்காமல் மண்ணுக்கே திருப்பிக் கொடுத்து, களைத்துப்போன மண்ணைத் தேற்றும் இந்த மாதிரி முறைகளைத்தான் இப்போது மீளுருவாக்க விவசாயம் என்கிறார்கள். அதைச் சொல்லித்தரும் ஆள் உங்கள் பிரிவு விவசாயப் போதனாசிரியர். கரடியனாற்றில் பயிற்சி நிலையம் இருக்கிறது. ஆனாலும் வயல் வரம்பில் நின்று படிப்பதற்கு எதுவும் ஈடில்லை. ஆட்களைச் சேர்த்துக்கொண்டு கேட்டால் போதனாசிரியரை வட்டைக்கே அழைக்கலாம். அம்பாறையில் சில பகுதிகள் மாகாணத் திணைக்களத்தின் கீழும், சில மத்திய விவசாயத் திணைக்களத்தின் கீழும் வரும். எது உங்களுடையது என்று கமநல சேவை நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

2021 இல் இரசாயனப் பசளையை ஒரே போகத்தில் நிறுத்தச் சொன்னதை யாரும் மறக்கவில்லை. பயப்பட வேண்டாம், இது அதுவல்ல. மண்ணைப் பரிசோதித்து, தேவையானதை மட்டும் போட்டு, படிப்படியாகக் குறைப்பதுதான் இது. வயலில் பல இடங்களில் அரையடி ஆழத்துக்கு மண் எடுத்து, கலந்து, அரைக் கிலோ அளவு பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள். பசளை போட்ட கையோடு எடுக்கக் கூடாது.

வைக்கோலைப் பரப்பிவிட்டு முதல் உழவில் புரட்டுங்கள். விதைப்புக்கு இரண்டு மூன்று கிழமை இடைவெளி வேண்டும். அவசரப்பட்டால் இளம்பயிர் மஞ்சளடிக்கும், 'வைக்கோல் போட்டுத்தான் கெட்டது' என்று அடுத்த வயல்காரர் சொல்லுவார்.

சரி, இந்தப் பயிற்சியில் யார் சேரலாம்? காணி உறுதி கையில் இருக்க வேண்டியதில்லை. 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் பதிவான கமக்காரர் அமைப்புகளுக்கூடாகத்தான் பெரும்பாலும் அழைப்பு வரும். அங்கேதான் சிக்கல்: கூட்டத்துக்குப் போகிறவர் காணிக்காரர், சேற்றில் இறங்குகிறவர் குத்தகைக்காரர் அல்லது அவருடைய மனைவி. குத்தகைக்குச் செய்தாலும் அமைப்பில் உங்கள் பெயரையே கொடுங்கள். அழைப்பு வரவில்லையென்றால் 1920 க்கு எடுங்கள். அது விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனை இலக்கம்.