ராத்திரியில் கை விறைப்பது ஏன்?

"பகல் முழுக்கக் கொழுந்து பறிக்கும்போது தாங்குகிற கை, ராத்திரி படுத்ததும் விறைத்து எழுப்பிவிடுகிறது. இரத்த ஓட்டம் நின்றுபோகிறதா?" என்று கேட்கிறார் இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான தலவாக்கலையின் வாசகி ஒருவர்.

இரத்தம் நிற்கவில்லை. விறைக்கும்போது மணிக்கட்டின் பெருவிரல் பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், நாடி துடிக்கும். தோளிலிருந்து இரத்தம் கொண்டு இறங்கும் நாடிக்குழாய் முழங்கை மடிப்பருகே இரண்டாகப் பிரிந்து தடையில்லாமல் கைக்கு வருகிறது. சிக்கல் நரம்பில்.

மணிக்கட்டின் உட்புறம் ஒரு குறுகிய வழி உண்டு. மூன்று பக்கமும் எலும்பு, மேலே தடித்த பட்டை. இரண்டுமே விரிந்து கொடுக்காது. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும், விரல்களுக்கு உணர்ச்சி தரும் மீடியன் நரம்பும் அதற்குள்தான் நெருக்கியடித்துப் போகின்றன. ஓயாமல் கொழுந்து கிள்ளும்போது தசைநாண்களின் உறை வீங்குகிறது. சாதாரணமாக 10 மில்லிமீட்டர் பாதரசத்துக்குள் (இரத்த அழுத்தம் அளக்கும் அதே அலகு) இருக்கும் அழுத்தம் 30ஐத் தாண்டும். நரம்புக்குள்ளேயே மெல்லிய இரத்தக்குழாய்கள் ஓடுகின்றன. அவற்றில் முதலில் நசுங்குவது இரத்தத்தை வெளியே கொண்டுபோகும், சுவர் மெலிந்த நாளங்கள். உள்ளே வந்த இரத்தம் வெளியேற முடியாமல் நீர் கசிகிறது, நரம்பும் வீங்குகிறது, அழுத்தம் இன்னும் ஏறுகிறது. தூக்கத்தில் மணிக்கட்டு மடங்கினால் நெருக்கடி பன்மடங்கு. கையை உதறினால் சுகம் கிடைப்பது அந்த மடிப்பு நிமிர்வதால்தான்.

விறைப்பது பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி. உள்ளங்கைத் தோல் தப்பிவிடும்; அதற்கான கிளை இந்த வழிக்குள் நுழையுமுன்பே பிரிந்துவிடுகிறது. எத்தனை அழகான அமைப்பு!

மந்திரித்த கயிற்றை மணிக்கட்டில் இறுக்கிக் கட்டுவதும், வலிக்க வலிக்க உருவிவிடுவதும் அழுத்தத்தைக் கூட்டும். தயவுசெய்து வேண்டாம். தேயிலைச் செடியை ஆராய 1925இலேயே நிலையம் வைத்த நாட்டில், கொழுந்து பறிக்கும் கையை ஆராயவும் பணம் ஒதுக்கத்தான் வேண்டும்.

புறங்கைகள் இரண்டையும் ஒட்டவைத்து, மணிக்கட்டை மடக்கி 60 விநாடி பிடியுங்கள். அதே விரல்கள் விறைத்தால், இந்த நரம்புதான் நசுங்குகிறது என்ற சந்தேகம் வலுக்கிறது. ராத்திரியில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டியை ஆறு வாரமாவது தளர்வாகக் கட்டிப் படுக்கலாம். சீனி வியாதி, தைரொயிட் குறைபாடு, கர்ப்பம் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். பெருவிரலின் அடிச்சதை வற்றத் தொடங்கினால் காத்திருக்கக் கூடாது. மணிக்கட்டுக்குள் இருக்கும் அந்தத் தடித்த பட்டையை வெட்டி வழியை அகலப்படுத்தும் சத்திரசிகிச்சை தேவைப்படலாம்.

சுண்டுவிரல் விறைத்தால் அது வேறு நரம்பு, பெரும்பாலும் முழங்கையில் நசுங்குவது. கை வலியோடு நெஞ்சும் இறுகி வியர்த்தால் நரம்பைப் பற்றி யோசிக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.