மேக்னம்: சொல் விளக்கம்

தமிழ் நிகர்: மிகுவிசைத் தோட்டா

லத்தீனில் ‘மேக்னஸ்’ என்றால் பெரிய என்று பொருள். வடமொழியின் ‘மஹத்’தும் நம் பேச்சில் புழங்கும் ‘மகா’வும் இதற்கு உறவுச் சொற்கள். ஒன்றரை லிட்டர் கொள்ளும் ஒயின் புட்டிக்கு, அதாவது வழக்கமான புட்டியின் இரு மடங்குக்கு, மேக்னம் என்று பெயர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரிட்டனில் வேட்டைத் துப்பாக்கி செய்தவர்கள், வெடிமருந்து கூடுதலாகப் பிடிக்கும் தோட்டாவுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள்.

ஆக, மேக்னம் என்பது தோட்டாவின் பெயர், துப்பாக்கியின் பெயர் அல்ல. தோட்டாவின் முனையிலிருந்து பறந்து போகும் குண்டின் பருமனையும் அது குறிக்காது. அமெரிக்காவில் 1935இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் என்ற துப்பாக்கி நிறுவனம் கொண்டுவந்த .357 மேக்னத்தைப் பாருங்கள். இத்தகைய எண்கள் குண்டின் விட்டத்தை அங்குலத்தில் ஏறக்குறையச் சொல்பவை. அதற்கு முந்தைய தோட்டாவான .38 ஸ்பெஷலின் குண்டும், பெயரில் எண் வேறானாலும், ஏறக்குறைய இதே விட்டம்தான். மருந்தையும் குண்டையும் தாங்கும் தோட்டாக்கூட்டின் நீளம் மட்டும் 1.155 அங்குலத்திலிருந்து 1.29 அங்குலமானது. பழைய ரிவால்வரில் புதுத் தோட்டா நுழைந்துவிடக் கூடாது என்பதே அந்த நீட்டலின் முக்கியக் காரணம். வெடிக்கும்போது எழும் அழுத்தத்தின் உச்சவரம்பு, .38 ஸ்பெஷலுக்குச் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு; .357 மேக்னத்துக்கு 35,000. பழைய ரிவால்வரில் தோட்டாக்கள் உட்காரும் உருளை அதைத் தாங்காது.

மறுபக்கம், .357 ரிவால்வரில் .38 ஸ்பெஷலைப் போட்டுச் சுடலாம். ஆனால் குட்டைக் கூடு முடியும் இடத்தில் உருளையின் அறைக்குள் கரி வளையமாகப் படியும். பித்தளைத் தூரிகையால் அதைத் தேய்த்து எடுக்காவிட்டால், பிறகு போடும் மேக்னம் கூடு முழுதாக உள்ளே போகாது. போனாலும் சுட்டபின் ஒட்டிக்கொள்ளும்.

.44 மேக்னம் 1955இன் கடைசியில் வந்தது. எல்மர் கீத் போன்ற வேட்டைக்காரர்கள் அதே பருமனுள்ள பழைய தோட்டாவான .44 ஸ்பெஷலில் மருந்தை ஏற்றி ஏற்றிச் சோதித்ததன் விளைவு அது. அதைச் சுடும் மாடல் 29 ரிவால்வரைப் பல ஆண்டுகள் பெரும்பாலும் வேட்டைக்காரர்களே வாங்கினார்கள். 1971இல் கிளின்ட் ஈஸ்ட்வுட் ‘டர்ட்டி ஹாரி’யில் சான் பிரான்சிஸ்கோ போலீஸ்காரராக அதை ஏந்தியதும் நிலைமை தலைகீழானது. கடைகளில் மாடல் 29 கிடைக்கவில்லை. பட்டியல் விலைக்கு மேல் கொடுத்து வாங்கினார்கள். 1973இல் வந்த அடுத்த பாகத்தின் தலைப்பிலேயே ‘மேக்னம்’ ஏறிக்கொண்டது. ‘பெரிய துப்பாக்கி’ என்ற தவறான பொருள் ஊன்றியது இந்தக் காலத்தில்தான்.

படம் பார்த்து வாங்கியவர்களைத் திணறடித்தது பின்னுதைப்பு. .38 ஸ்பெஷலின் ஆற்றல் சுமார் 270 ஜூல்; .44 மேக்னத்துக்குச் சுமார் 1,000. அந்த உதைக்குப் பயந்து, சுடும் விசையை (டிரிகரை) இழுக்கும் நொடியில் கை தானாகவே குழலைக் கீழே அழுத்தும். குண்டு இலக்குக்குக் கீழே போகும். இதே ரிவால்வரில் .44 ஸ்பெஷல் தோட்டாவைப் போட்டுப் பழகி, பிறகு மேக்னத்துக்கு மாறுவதே சரியான வழி.

இன்னொரு கோளாறும் உண்டு. கூட்டின் வாய் குண்டை இறுக்கிப் பிடிக்காவிட்டால், ஒவ்வொரு உதைக்கும் சுடாத தோட்டாக்களின் குண்டு சிறிது சிறிதாக முன்னே நகரும். உருளையின் முகத்தைத் தாண்டி நீட்டிவிட்டால் உருளை சுழலாமல் சிக்கிக்கொள்ளும். ஆறாவது தோட்டாவின் நீளத்தை முதலில் அளந்துகொண்டு, ஐந்தைச் சுட்டபின் அதைத் திரும்ப அளந்தால் தெரிந்துவிடும். நீளம் கூடியிருந்தால் அந்தத் தோட்டாக்கள் உதவாது.

தமிழில் ‘பெருந்தோட்டா’ என்று எழுதுவது பொருந்தாது. 1959இல் வந்த .22 மேக்னம் முயல் வேட்டைக்கான சின்னத் தோட்டா; அதன் குண்டு பெரும்பாலும் 2.6 கிராம்தான். சாதாரண .22ஐவிட விசை அதிகம் என்பதாலேயே அதற்கும் அந்தப் பெயர். ‘மிகுவிசைத் தோட்டா’ என்றால் .22க்கும் .44க்கும் ஒருசேரப் பொருந்தும். துப்பாக்கியைச் சொல்லும்போது ‘மிகுவிசைத் தோட்டா ரிவால்வர்’ என்க. வெறும் ‘மேக்னம்’ என்று எழுத நேர்ந்தால் .357, .44 என்ற எண்ணையும் கூடவே சேர்க்க வேண்டும்.