மவுத் ஆர்கன்ல இல்லாத நோட்டை ப்ளூஸ்காரங்க எப்படி வாசிச்சாங்க

பழைய ப்ளூஸ்காரங்க, அதாவது அமெரிக்கக் கறுப்பின மக்களோட ப்ளூஸ் இசையை வாசிச்சவங்க, பெரும்பாலும் வாசிச்சது ஜெர்மனியில இருந்து வந்த ஹோனர் கம்பெனி மவுத் ஆர்கன், அதுலயும் 1896ல வந்த மரீன் பேண்ட் மாடல். 10 ஓட்டை, ஒவ்வொரு ஓட்டைக்கும் 2 பித்தளை ரீட் (காத்துல ஆடி சத்தம் போடுற மெல்லிசான தகடு), ஒண்ணு ஊதினா பேசும், இன்னொண்ணு காத்தை உள்ள இழுத்தா பேசும். ஜெர்மன்காரங்க ஊர் நாட்டுப்பாட்டுக்கும் வால்ட்ஸ் நடன இசைக்கும் தோதா ட்யூன் பண்ணது, அதனால கீழ் ஸ்தாயியில சில நோட்டே கிடையாது. விலை கம்மி, பாக்கெட்ல போட்டுக்கலாம், அமெரிக்கத் தெற்குல இருந்த கறுப்பின மக்கள் கைக்கு சீக்கிரமே போயிடுச்சு.

அவங்க முதல்ல பண்ணது சுருதியை மாத்தினதுதான். மவுத் ஆர்கனை ப்ளூஸ்காரங்க ஹார்ப்னுதான் சொல்லுவாங்க; சி சுருதி ஹார்ப்பை ஊதினா சி மேஜர் கார்டு (சேர்ந்து ஒலிக்கிற நோட்டுக் கூட்டம்) வரும், அதே ஹார்ப்ல முதல் 4 ஓட்டையில காத்தை இழுத்தா டி, ஜி, பி, டி, அதாவது ஜி கார்டு, அஞ்சாவது ஓட்டையையும் சேர்த்துக்கிட்டா எஃப்பும் வந்து ஜி செவன்த் ஆயிடும், ப்ளூஸுக்கு வேண்டியதே அதுதான். அதனால சி ஹார்ப்பை எடுத்து ஜி சுருதியில வாசிச்சாங்க, இதுக்குப் பேரு க்ராஸ் ஹார்ப். பாட்டோட மெயின் நோட்டெல்லாம் இப்ப இழுக்கிற பக்கம் வந்துடுச்சு, கீழ் ஓட்டைகள்ல வளைக்க முடியுற நோட்டும் அந்தப் பக்கம்தான் இருக்கு.

ஹார்ப்ல இல்லாத நோட்டை வரவழைக்கிறது இப்படி வளைச்சுத்தான், அது என்னன்னு மூணாவது ஓட்டையை வெச்சுப் பார்க்கலாம். ஊதினா ஜி, இழுத்தா பி. இழுத்துக்கிட்டே நாக்கைப் பின்னாடி தள்ளி வாய்க்குள்ள இடத்தைப் பெருசாக்கினா, வாய்க்குள்ள இருக்குற காத்தோட ரெசொனன்ஸ், அதாவது அந்தக் காத்து இயல்பா அதிர்ற சுருதி, இறங்கும், அது பி ரீடைக் கீழ இழுக்கும், அப்பதான் அதுவரைக்கும் சும்மா இருந்த ஜி ரீட், காத்து அதுக்கு எதிர்த் திசையில போனாலும் ஆட ஆரம்பிக்குது. ரெண்டு ரீடும் சேர்ந்து ஆடி பி ஃப்ளாட், ஏ, ஏ ஃப்ளாட்னு நோட்டு வழுக்கிக்கிட்டே இறங்கும், கடைசியில பேசுறது பெரும்பாலும் அந்த ஜி ரீடுதான்! ஜி ரீடை அசையாம அடைச்சுட்டு இழுத்துப் பாருங்க, நோட்டு கொஞ்சூண்டுதான் இறங்கும். அஞ்சாவது ஓட்டையில ஈயும் எஃப்பும் பக்கத்துப் பக்கத்து நோட்டு, நடுவுல எதுவும் இல்ல, அதனால அங்க ஒழுங்கான பெண்ட் (வளைப்பு) வராது. ஹார்மோனியத்துலயும் இதே மாதிரி ரீட்தான், ஆனா அங்க காத்து கொடுக்கிறது துருத்தி, அதுக்கு நாக்கு இல்லையே.

இந்த பிசிக்ஸ் எதுவும் தெரியாம காதை மட்டும் நம்பி இதைக் கண்டுபிடிச்சாங்கங்கறதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். டென்னசில டிஃபோர்ட் பெய்லி சின்ன வயசுல போலியோ வந்து படுக்கையில இருந்தப்ப வாசிக்கக் கத்துக்கிட்டவர், அவர் 1927ல ரெக்கார்ட் பண்ண பான் அமெரிக்கன் ப்ளூஸ்ல ஹார்ப் சத்தத்துலயே ஒரு ரயில் முழுசா வந்து போகும். ஜான் லீ வில்லியம்சன், அதாவது சன்னி பாய்ங்கற பேர்ல வாசிச்ச ரெண்டு பேர்ல முதல் ஆள், 1937ல இருந்து ரெக்கார்ட் பண்ணார், அவர் பாடுற வரிக்கு ஹார்ப் பதில் சொல்லும், ஓரமா இருந்த வாத்தியத்தை பேண்டுக்கு நடுவுல கொண்டுவந்து நிறுத்தினவர்னு அவரைத்தான் சொல்லுவேன். 1948ல சிகாகோவுல அவரைக் கொன்னுட்டாங்க, வயசு 34தான்.

அடுத்த தாவல் லிட்டில் வால்டர்ங்கற ஹார்ப்காரரோடது. சிகாகோ க்ளப்ல எலக்ட்ரிக் கிட்டார் சத்தத்துக்கு நடுவுல ஹார்ப் எடுபடல, அதனால மலிவான மைக்கை ஹார்ப்போட சேர்த்து ரெண்டு கையாலயும் பொத்திப் பிடிச்சு வால்வ் ஆம்ப்ல (சத்தத்தைப் பெருசாக்குற பழைய ஆம்ப்ளிஃபையர்) கொடுத்தார். அவருக்கு முன்னாடியும் மைக் வெச்சு வாசிச்சவங்க உண்டு, ஆனா அந்தச் சத்தத்தையே தனி இசையா மாத்தினது இவர்தான். இறுக்கிப் பொத்தினா கைக்குள்ள ஒரு சின்ன காத்து அறை உண்டாகி கூர்மையான மேல் சத்தம் மழுங்கிடும், மைக்குக்குப் போற அழுத்தமும் எகிறும், ஆம்ப் தாங்காம கரகரன்னு உடையும், ஹார்ப் கிட்டத்தட்ட சாக்ஸபோன் பருமனுக்குப் போயிடும். கையைக் கொஞ்சம் திறந்தாலே டோன் மாறிடும். 1952ல அவர் வாசிச்ச ஜூக், பாட்டே இல்லாத ஹார்ப் பீஸ், பில்போர்ட் பத்திரிகையோட ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் ப்ளூஸ்) ஹிட் லிஸ்ட்ல 8 வாரம் முதலிடத்துல இருந்துச்சு. அதுவும் க்ராஸ் ஹார்ப்தான், ஏ ஹார்ப்பை வெச்சு ஈ சுருதியில வாசிச்சிருப்பார்.

இன்னிக்கும் சிகாகோ ஸ்டைல் கத்துக்கிறவங்க முதல்ல உட்கார்ந்து நோட்டு நோட்டா எடுக்கிறது ஜூக்கைத்தான். ஷூர் கம்பெனியோட க்ரீன் புல்லட் மைக்கை இப்ப ஹார்ப் வாசிக்கிறவங்களுக்காகவே விக்கிறாங்க.