வாசல் பேய்க்கு ஆள் வருவது எப்படித் தெரிகிறது?

2024ஆம் ஆண்டில் மலேசியாவில் தீபாவளியும், பேய்வேடமிட்டுக் கொண்டாடும் மேலைநாட்டு ஹாலோவீனும் ஒரே நாளில், அக்டோபர் 31இல் வந்தன. மற்ற ஆண்டுகளிலும் இரண்டும் அதிகம் விலகிப் போவதில்லை. பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில், லயத்து வீடுகளை விட்டுத் தாமான்களுக்கு (வீடமைப்புப் பகுதிகளுக்கு) குடிவந்த குடும்பங்களின் பிள்ளைகள் சிலருக்குத் தீபாவளி விளக்குகளுக்கு நடுவே ஒரு பேய்ப்பொம்மையையும் நிறுத்திப் பார்க்க ஆசை. ஆள் வந்தால் அதன் கண் சிவக்க வேண்டும், சிரிக்க வேண்டும். ஆள் போனதும் அடங்கிவிட வேண்டும். இதற்கான செய்முறைகள் நிறையவே கிடைக்கின்றன. ஆனால் அவற்றில் பல, குளிர்நாட்டு இலையுதிர்காலத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே பேராக் மாநிலத்து வாசலில் மாட்டினால், ஆள் வந்தாலும் பொம்மை தூங்கும். ஆளே இல்லாதபோது சிரிக்கும். நம் ஊர் வெக்கைதான் அதற்குக் காரணம்.

பொம்மைக்குக் கண்ணாக இருப்பது பெரும்பாலும் ஓர் அகச்சிவப்பு உணரி. வெள்ளை நிறத்தில் அரைக்கோள மூடி போட்டு, கட்டைவிரல் அளவில் இருக்கும். அது எந்தக் கதிரையும் வெளியே அனுப்புவதில்லை. வருவதைப் பெற்றுக்கொள்வதோடு சரி. வெப்பமுள்ள எல்லாப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத கதிரை வீசிக்கொண்டே இருக்கிறது. மனித உடல் வீசும் கதிர் ஏறத்தாழ 9.5 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் உச்சம் பெறுகிறது. உணரியின் உள்ளே இரண்டு சிறு படிகத் துண்டுகள் அருகருகே இருக்கின்றன. வெப்பநிலை மாறும் கணத்தில் மட்டும் மின்னூட்டம் காட்டுவது அந்தப் படிகத்தின் இயல்பு. இரண்டையும் எதிரெதிராக இணைத்திருப்பார்கள். வெயில் ஏறி இரண்டும் ஒன்றாகச் சூடானால், ஒன்றின் சமிக்ஞை மற்றதன் சமிக்ஞையை அழித்துவிடும். ஓர் ஆள் குறுக்கே நடந்தால் முதலில் ஒரு துண்டும் பிறகு மற்றதும் சூடாகின்றன. அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் மின்சுற்று ‘ஆள் நடமாட்டம்’ என்று எடுத்துக்கொள்கிறது.

மேலே இருக்கும் வெள்ளை மூடி வெறும் அலங்காரமன்று. பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபிரெனல் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலங்கரை விளக்கங்களுக்காக உருவாக்கிய வில்லையின் (லென்ஸின்) வழிவந்த, பாலிஎத்திலீனில் வார்த்த பல குட்டி வில்லைகளின் தொகுப்பு அது. வாசலைப் பல கூறுகளாகப் பிரித்துக் காட்டுவதால், சிறு அசைவும் பல ஏற்ற இறக்கங்களாகப் பதிவாகிறது. அது கண்ணாடியால் செய்யப்படாததற்குக் காரணம் உண்டு. சாதாரணக் கண்ணாடி இந்த அலைநீளக் கதிரைத் தடுத்துவிடும். மழைக்குப் பயந்து உணரியைச் சன்னல் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் அதற்கு ஒருவரும் தெரியமாட்டார்கள்.

இப்போது வெக்கைக்கு வருவோம். உணரி பார்ப்பது உடலுக்கும் அதன் பின்னணிக்கும் உள்ள வேறுபாட்டைத்தான். ஒரு பொருள் வீசும் கதிர், அதன் தனிவெப்பநிலையின் (கெல்வின் கணக்கில்) நான்காம் அடுக்கைப் பொறுத்தது. தோல் 34 பாகை செல்சியஸ், பின்னணி 10 பாகை என்று குளிர்நாட்டுக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதே தோலுக்குப் பின்னால், இருட்டும் நேரத்திலும் நம் ஊரில் 29 பாகை இருந்தால், வேறுபாடு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. குளிர்நாட்டுப் பிள்ளைகள் கோட்டு போட்டு மூடிக்கொண்டு வருவார்கள் என்பது உண்மைதான்; ஆனாலும் திறந்திருக்கும் முகமும் கையும் அங்கே உணரிக்குப் போதும். பகலெல்லாம் காய்ந்த சிமெண்டுச் சுவர் பின்னணியானால் நமக்கு நிலைமை இன்னும் மோசம். சுவரும் ஆளும் கிட்டத்தட்ட ஒரே சூட்டில் இருப்பார்கள். உணரிக்கு இருவரும் ஒன்றே. இதற்கு எதிரான தொல்லையும் உண்டு. ஏர்கோண்டின் வெளிப்பெட்டி திடீரென்று சூடான காற்றை ஊதினால், ஆளில்லாமலே பொம்மை சிரிக்கும்.

ஆகவே விலை கூடிய உணரியைத் தேடுவதற்கு முன், இருக்கும் உணரியின் இடத்தை மாற்றிப் பாருங்கள். மேற்கு வெயில் பட்ட சுவரையோ தார்ச்சாலையையோ நோக்கி வைக்காதீர்கள். செடிவேலி பின்னணியாக இருந்தால் நல்லது. இலைகள் நீரை ஆவியாக்குவதால் சுவரைவிடக் குளிர்ந்திருக்கும். வருகிறவர் உணரியை நோக்கி நேராக நடந்தால் இரு படிகங்களும் ஏறக்குறைய ஒன்றாகவே மாறும், சமிக்ஞை மங்கிவிடும். அவர் குறுக்கே கடக்கும்படி, பாதையின் பக்கவாட்டில், சிறுவர்களின் நெஞ்சு உயரத்தில் பொருத்துங்கள்.

என்னைக் கேட்டால், நம் தாமான் வீடுகளுக்கு இதைவிட நம்பகமான வழி வாசல் கேட்டிலேயே இருக்கிறது. கதவு உணரி என்று விற்கும் மலிவான சாதனத்தில் ஒரு சிறு கண்ணாடிக் குழாய் இருக்கும். அதற்குள் காந்தத்தால் ஈர்க்கப்படும் இரண்டு மெல்லிய தகடுகள். காந்தம் அருகில் இருந்தால் ஒட்டும், விலகினால் பிரியும். கேட் திறந்ததா இல்லையா என்பதில் அதற்கு வெயிலும் வெக்கையும் பொருட்டே இல்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: இரும்புக் கேட்டின் மேல் காந்தத்தை நேராக ஒட்டினால், இரும்பு அதன் புலத்தைத் தன் வழியே இழுத்துக்கொள்ளும். இடையில் ஒரு பிளாஸ்டிக் துண்டை வைத்து ஒட்டினால் சரியாகிவிடும்.

ஆள் வந்தது தெரிந்ததும், என்ன செய்வது என்று யாராவது முடிவெடுக்க வேண்டும். கடையில் வாங்கும் ஸ்மார்ட் சாதனங்கள் பலவற்றில் அந்த முடிவு வீட்டில் எடுக்கப்படுவதில்லை. செய்தி இணையம் வழியாகத் தயாரிப்பாளரின் கணினிக்குப் போய்த் திரும்ப வேண்டும். பத்தில் ஒரு வினாடிக்குள் நடப்பதை நாம் உடனடி என்று உணர்கிறோம். ஓரிரு வினாடி தாமதித்தால் பிள்ளை கடந்து போய்விடும், பொம்மை வெறும் முற்றத்தைப் பார்த்துச் சிரிக்கும். இடிமழையில் இணையம் அறுந்தால் அந்தச் சிரிப்பும் இல்லை. இஎஸ்பி32 போன்ற வை-ஃபை சில்லு (சிப்) ஒன்றைப் பொம்மைக்குள்ளேயே வைத்து, உணரியையும் விளக்கையும் அதனுடனே இணைப்பது நல்லது. சிரிப்பொலியைச் சிறு நினைவக அட்டையில் போட்டுப் பக்கத்திலேயே வைக்கலாம். கேட்டில் ஒரு சில்லும் வாசலில் ஒரு சில்லும் பேசிக்கொள்ள வேண்டுமானால் எம்க்யூடிடி என்ற தகவல்தொடர்பு நெறிமுறை இருக்கிறது. 1999இல், எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்க உருவானது. மெதுவான, அடிக்கடி அறுபடும் இணைப்புக்காகப் பிறந்ததால் அதன் செய்திகள் மிகச் சிறியவை. வீட்டு ரவுட்டரும் செய்திகளைப் பகிரும் சிறு கணினி ஒன்றும் ஓடிக்கொண்டிருந்தால் போதும், வெளி இணையம் தேவையில்லை.

பொம்மையின் கண்களுக்கும் அதைச் சுற்றிய ஒளிக்கும் டபிள்யூஎஸ்2812பி வகை எல்இடி பட்டையைப் பயன்படுத்துகிறார்கள். அதில் ஒவ்வொரு விளக்கினுள்ளும் ஒரு நுண்சுற்று உண்டு. பந்தியில் வாழையிலைக் கட்டைக் கைமாற்றும்போது ஒவ்வொருவரும் மேலிருக்கும் இலையை எடுத்துக்கொண்டு மீதியை அடுத்தவருக்குத் தள்ளுவதைப் போல, முதல் விளக்கு தனக்குரிய 24 பிட்டுகளை (0 அல்லது 1 என்ற தரவுத் துணுக்குகளை) எடுத்துக்கொண்டு மற்றதை அடுத்த விளக்குக்கு அனுப்புகிறது. சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 8 பிட்டுகள். ஒரு விளக்குக்கு 30 மைக்ரோவினாடி பிடிக்கும். 100 விளக்குகளுக்கும் செய்தி சேர 3 மில்லிவினாடி. ஒற்றைக் கம்பியில் நெருப்பு ஓடுவதுபோல ஒளி ஓடுவது இதனால்தான்.

மின்சாரக் கணக்கில் பலரும் கோட்டை விடுகிறார்கள். முழு வெள்ளையில் ஒரு விளக்கு 60 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். 100 விளக்குகளுக்கு 5 வோல்ட்டில் 6 ஆம்பியர். கைப்பேசியின் சாதாரணச் சார்ஜர் அதைத் தாங்காது. சிவப்பு மட்டும் எரிந்தால் மூன்றில் ஒரு பங்கு போதும். பேய்க்குச் சிவப்பே பொருத்தமும் கூட.

அக்டோபர் பிற்பகுதியில் மலேசியத் தீபகற்பத்தின் மேற்குக் கரை ஊர்களில் மாலை இடிமழை வழக்கம். சுவர் மின்சாரத்தை 5 வோல்ட்டாக மாற்றும் பெட்டி வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். அந்தக் குறைந்த மின்னழுத்தம் மட்டும் வெளியே போகட்டும். வீட்டின் கசிவுத் துண்டிப்பானில் (மின்கசிவு நேர்ந்தால் மின்சாரத்தை நிறுத்தும் சாதனத்தில்) உள்ள சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்த பிறகே அலங்காரத்தைத் தொடங்குங்கள். பிள்ளைகள் நடமாடும் ஈர வாசல் அது.

பொம்மையைக் கழற்றிய பிறகு இதே பட்டையையும் சில்லையும் கோலத்தைச் சுற்றி வைக்கலாம். சிவப்பைத் தங்க மஞ்சளாக மாற்றினால் தீபாவளிக்கு ஆயிற்று. எப்போது ஒளிர வேண்டும் என்று சில்லில் எழுதிய விதியை மட்டும் மாற்றி எழுத வேண்டும். விருந்தினருக்கு வீட்டைத் திறந்துவைக்கும் திறந்த இல்ல உபசரிப்பில் ஆள் நடமாட்டம் ஓயாது. அகச்சிவப்பு உணரி விடாமல் தூண்டப்பட்டு விளக்கு கண்டபடி மின்னும். அன்றைக்கு அந்த உணரியைத் துண்டித்துவிட்டு, ஒளி மெதுவாக ஓடிக்கொண்டிருக்கவும் கேட் திறக்கும்போது மட்டும் ஒருமுறை பொலிவடையவும் அமைத்துவிடுங்கள்.