பார்: பவளத் தொட்டி விளக்கின் அளவுச் சொல்

பார் (பெயர்ச்சொல்): கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்ப்பவர்கள் பேச்சில், விளக்கிலிருந்து இறங்கும் ஒளியில் ஒளிச்சேர்க்கைக்கு உதவக்கூடிய பகுதியின் அளவு. "மேல் பாறையில பார் எவ்வளவு வருது?" என்று கேட்பார்கள். அதை அளக்கும் கருவி பார் மீட்டர்.

இது தமிழ்ச் சொல் அல்ல. மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் (PAR) சேர்ந்து உண்டானது. விரித்துச் சொன்னால், ஒளிச்சேர்க்கையில் செயல்படும் கதிர்வீச்சு. 400 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஊதாவில் தொடங்கி 700 நானோமீட்டர் சிவப்பு வரையுள்ள ஒளி முழுவதும் இதில் அடங்கும். இந்த எல்லை பயிர்களை வைத்து உறுதியானது. 1972இல் கீத் மெக்ரீ என்ற அறிவியலாளர் 22 வகைப் பயிர்களின் இலைகள் எந்த நிற ஒளியில் எவ்வளவு ஒளிச்சேர்க்கை செய்கின்றன என்று அளந்தார். ஒளியின் ஆற்றலைக் கணக்கிடுவதைவிட ஒளித்துகள்களை எண்ணுவதே இலையின் வேலையோடு நன்றாகப் பொருந்துகிறது என்று அதில் தெரிந்தது. இட்லியை எடை போடாமல் எண்ணிக்கையில் கணக்கு வைப்பதைப் போல, நீல ஒளித்துகளும் ஒன்று, சிவப்பு ஒளித்துகளும் ஒன்று. அதனால்தான் இதன் அலகு வாட் இல்லை. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு நொடியில் எத்தனை மைக்ரோமோல் ஒளித்துகள் விழுகிறது என்பதுதான் கணக்கு. ஒரு மைக்ரோமோல் என்பது ஏறத்தாழ 6,000 கோடி கோடி துகள்கள். தெளிந்த வானத்தில் உச்சிவெயிலுக்கு இந்த அளவு சுமார் 2,000.

பயிருக்கு ஏற்பட்ட அளவு பவளத்துக்கு எதற்கு? பவளம் ஒரு விலங்கு. ஆனால் அதன் சதைக்குள் ஒற்றைச் செல் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளிச்சேர்க்கை செய்து தரும் உணவில்தான் பவளத்தின் பிழைப்பு பெருமளவு ஓடுகிறது. ஆகவே பவளத் தொட்டிக்கு மேலே நாம் தொங்கவிடும் எல்.இ.டி. அழகுக்கு மட்டும் உள்ள விளக்கு அல்ல, அந்தப் பாசிக்குப் போடும் சாப்பாடு. இந்தச் சொல்லைப் பற்றி நான் இவ்வளவு அக்கறைப்படக் காரணமும் அதுதான்.

மதுரை டவுன்ஹால் ரோட்டில் வீட்டுக்கு விளக்கு வாங்கும்போது வாட் எவ்வளவு, வெளிச்சம் போதுமா என்று கேட்டு வாங்குவோம். நம் கண்ணுக்கு அது சரி. பவளத்துக்கு அந்தக் கேள்வி உதவாது. வாட் என்பது விளக்கு இழுக்கும் மின்சாரம். வெளிச்சத்தின் அலகுகளான லூமெனும் லக்ஸும் மனிதக் கண்ணை வைத்து வகுத்தவை. நம் கண் 555 நானோமீட்டர் அளவிலுள்ள பச்சைக்குத்தான் மிகக் கூர்மை, நீலத்துக்கு மந்தம். பவளப் பாசியோ நீலத்தை விரும்பி உண்ணும், ஏனென்றால் கடல்நீர் சிவப்பை முதல் சில மீட்டரிலேயே விழுங்கிவிட்டு நீலத்தைத்தான் ஆழத்துக்கு அனுப்புகிறது. வெயிலில் ஒரு மைக்ரோமோலுக்கு 54 லக்ஸ் என்று மாற்றிக்கொள்ளலாம். நீல எல்.இ.டி.யில் அந்தக் கணக்கு அடிபட்டுப்போகும். லக்ஸ் குறைவாகக் காட்டும், பவளத்துக்கோ நிறையவே கிடைத்துக்கொண்டிருக்கும். செல்பேசியில் லக்ஸ் செயலியை இறக்கி அளப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கண்ணுக்கு மங்கலாகத் தெரிகிறதே என்று நீலத்தை ஏற்றிக்கொண்டே போனால் பவளம் வெளுத்துவிடும்.

அந்த நீலமே நம் காலத்தில் வந்ததுதான். சிவப்பு எல்.இ.டி. 1962இலேயே வந்துவிட்டது. பிரகாசமான நீலத்துக்கு 1990கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்காக இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நாகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. வெள்ளை எல்.இ.டி.யும் உள்ளே நீலம்தான், மேலே ஒளிரும் பூச்சு.

இனி தமிழ்ச் சொல். விரிவை அப்படியே பெயர்த்தால் 'ஒளிச்சேர்க்கைசார் கதிர்வீச்சு' என்று வரும். பாடநூலுக்கு அது சரி, பிழையில்லை. கடையில், வீட்டில் புழங்க நீளம். கதிர்வீச்சு என்றதும் புற்றுநோய் மருத்துவமும் அணு உலையும் நினைவுக்கு வரும், வீட்டில் பெரியவர்கள் பயப்படுவார்கள். பார் என்றே தமிழில் எழுதிவிடலாமே என்றால், அதில் எனக்குச் சம்மதமில்லை. மன்னார் வளைகுடா மீனவர்களுக்குப் பார் என்றால் கடலடியில் உள்ள பாறைத் திட்டு. முத்துச் சிப்பி படியும் திட்டுகள் முத்துப் பார். வெள்ளைக்காரர் எழுதிய முத்துக்குளிப்பு அறிக்கைகளில்கூட அந்தச் சொல்லை மாற்றாமல் அப்படியே வைத்திருக்கிறார்கள். பவளத்திட்டைக் குறிக்கும் 'ரீஃப்' என்ற சொல்லை ஆங்கிலம் வட ஐரோப்பாவின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து கடன் வாங்கியது, அங்கே அதற்கு விலா எலும்பு என்று பொருள். நமக்கு அந்த இடத்தில் சொந்தச் சொல் இருக்கிறது. பாரில் வளரும் உயிருக்குப் பார் எவ்வளவு என்று கேட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

என் பரிந்துரை 'உணவொளி'. பாசி உண்ணக்கூடிய ஒளி என்று எதற்கு அளக்கிறோம் என்பதையும் அது சொல்லிவிடுகிறது. "மேல் பாறையில உணவொளி 150, மணல்ல 60" என்றால் புதிதாக வருகிறவருக்கும் புரியும். இன்னொரு நுட்பம் உண்டு. 1978இல் ஆந்த்ரே மொரெல் என்ற கடலியலாளர், கிடைக்கும் ஒளி வேறு, அந்தந்தப் பாசி உண்மையில் ஏற்றுக்கொள்ளும் ஒளி வேறு என்று பிரித்துக் காட்டினார். இரண்டாவதை 'ஏற்பொளி' எனலாம். சிவப்பு மிகுந்த விளக்கும் நீலம் மிகுந்த விளக்கும் ஒரே உணவொளியைக் காட்டலாம், ஏற்பொளி ஒன்றாக இருக்காது. ஆகவே விளக்கு வாங்கும்போது எண்ணை மட்டும் கேட்காமல், எந்த அலைநீளத்தில் எவ்வளவு என்று காட்டும் வரைபடத்தையும் கேளுங்கள். 420இலிருந்து 480 நானோமீட்டர் வரை மேடு நன்றாக எழும்பியிருக்க வேண்டும்.

எவ்வளவு போதும்? காளான் பவளம், தோல் பவளம், சோவான்தஸ் போன்றவற்றுக்குப் பொதுவாக 50 முதல் 150. சிறுமொட்டுக் கற்பவளங்களுக்கு (கடைப் பேச்சில் எஸ்.பி.எஸ்.) உலகெங்கும் வளர்ப்பவர்கள் 200 முதல் 350 வரை தருகிறார்கள். இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். மதுரையிலிருந்து பரமக்குடி, இராமநாதபுரம் வழியாகப் போனால் மண்டபம். அங்கிருந்து தூத்துக்குடி வரை நீளும் 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986இலிருந்து கடல்சார் தேசியப் பூங்கா. கற்பவளங்கள் அனைத்தும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கரையில் கிடந்த செத்த துண்டென்றாலும் எடுத்து வரக் கூடாது. "மண்டபத்துல இருந்து வந்த சரக்கு சார்" என்று யாராவது கல் பவளத்தைக் காட்டினால் வாங்காதீர்கள்.

விளக்கைத் தண்ணீருக்கு மேல் 20–30 செ.மீ. உயரத்தில் தொங்கவிட்டு, பாதி அளவுக்குக் குறைத்துத் தொடங்குவது நல்லது. சில வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம். நேர் கீழே ஒரு அளவும், ஓரத்தில் அதில் பாதியும் வருவது சாதாரணம். அதனால் பவளம் உட்காரும் ஒவ்வொரு இடத்திலும் தனியாக அளக்க வேண்டும். உயரத்தைக் கூட்டினால் ஒளி பரவும், நடுவில் குறையும். ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரம் போதும். பவளம் பழுப்பேறினால் ஒளி பற்றாமல் பாசி பெருகுகிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். நிறம் வெளிறினால் ஒளி அதிகமா என்று பாருங்கள். ஆனால் நம்மூரில் முதலில் வெப்பமானியைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சூட்டாலும் பவளம் வெளுக்கும். சித்திரை வெயிலில் அறையே 35 டிகிரியைத் தாண்டும். தண்ணீர் 25–27இல் நிற்க வேண்டும். பழைய மெட்டல் ஹாலைடு விளக்கைவிட எல்.இ.டி. தொட்டிக்கு இறக்கும் சூடு குறைவு. ஆனாலும் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் மதுரைக் கோடையைத் தாண்டுவது கடினம். மேற்கு ஜன்னலோரம் தொட்டி வைத்தால் மாலை வெயில் சூட்டையும் கணக்கில் வராத உணவொளியையும் சேர்த்தே கொடுத்துவிடும்.

விளக்கின் கண்ணாடியில் உப்பு படியும். ஈரத்துணியால் வாரம் ஒருமுறை துடைக்காவிட்டால் அளவு தானாக இறங்கிவிடும். பல நாள் கழித்துத் துடைத்தால் ஒரேயடியாக ஏறும், அப்போது இரண்டு மூன்று நாள் குறைத்து வையுங்கள். அப்புறம், மின்தடைக்கு இன்வெர்ட்டர் போடுகிறவர்கள் அதை விளக்குக்குக் கொடுக்க வேண்டாம். ஒரு நாள் இருட்டைப் பவளம் தாங்கும். நீரோட்டம் நின்று ஆக்சிஜன் குறைவதைத்தான் தாங்காது. இன்வெர்ட்டர் இணைப்பு முதலில் மோட்டாருக்கு.