ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓடும் நாய்

திங்கட்கிழமை காலையில் காலைத் தாங்கித் தாங்கி கிளினிக்குக்கு வரும் நாய்களில் லேப்ரடார்தான் அதிகம். விசாரித்தால் கதை ஒன்றுதான். வாரம் முழுக்க போர்டிகோவில் கட்டிக் கிடந்திருக்கும். ஞாயிறன்று வீட்டில் எல்லோருக்கும் லீவு, பீச்சுக்குக் கூட்டிப்போய் களைத்து விழும்வரை பந்து எறிந்திருப்பார்கள். "அது கேட்டுக்கிட்டே இருந்துச்சு டாக்டர்" என்பார்கள். கேட்கத்தான் செய்யும். வலித்தாலும் பந்தை விடாத இனம் அது. எடை கூடிய உடம்போடு மணலில் சட்டென்று திரும்பும்போது பின்னங்கால் முட்டியின் ஜவ்வு கிழிந்துவிடுகிறது. பெரிய நாய்க்கு அது பெரும்பாலும் ஆபரேஷனில்தான் முடியும்.

நல்ல ஆரோக்கியமான லேப்ரடாருக்குக் காலையில் அரை மணி, மாலையில் அரை மணி நடை போதும், ஆனால் தினமும் வேண்டும். சிப்பிப்பாறை, ராஜபாளையம் எல்லாம் வேட்டைக்கு வளர்த்த இனங்கள். நடை மட்டும் பத்தாது, வேலி போட்ட இடத்தில் அவிழ்த்துவிட்டு ஓடவிட வேண்டும். பக் நாய்க்குப் பதினைந்து, இருபது நிமிட மெதுநடையே தாராளம். பெரிய இனக் குட்டிகளுக்கு எலும்பு வளர்ந்து முடியவே ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். அதுவரை பைக்கோடு ஓடவிடுவது வேண்டவே வேண்டாம்.

நேரமும் முக்கியம். நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும், நாய்க்கு மூச்சிரைத்துத்தான் சூடு தணிய வேண்டும். சென்னைப் புழுக்கத்தில் அதுவும் சரியாக நடக்காது. கோடையில் வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பிவிடுங்கள். மாலையில் புறங்கையை ரோட்டில் வைத்துப் பாருங்கள். ஐந்து விநாடி பொறுக்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் பொறுக்காது. நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் கெட்டியாக வழிந்து, நடை தள்ளாடினால் அங்கேயே நிழலில் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, காற்று படும்படி செய்துகொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். உடல் சூடு 105 டிகிரியைத் தாண்டிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

அப்புறம், வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடு பெரிய நாயை ஓடவிடாதீர்கள்.

இத்தனை நாள் கட்டியே கிடந்த நாய் என்றால் பத்து நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்கு ஐந்து நிமிடமாகக் கூட்டுங்கள். மறுநாள் காலையில் எழும்போது விறைப்பாகவோ காலைத் தாங்கியோ நடந்தால் அத்தோடு நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.