வெங்காயப் பாத்திக்குச் சாதாழை போடலாமா?

திருகோணமலைச் சாம்பல்தீவுப் பக்கம் வெங்காயம் செய்யும் ஒருவர் கேட்டிருந்தார்: "மாரிக்குக் கடல் ஒதுக்கிற சாதாழையை அள்ளித் தோட்டத்துக்குப் போட்டால் நல்லதா, உப்பு பயிரை எரிச்சுப் போடுமா?"

போடலாம். ஆனால் எந்தச் சாதாழை, எப்போது போடுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சாதாழை என்று நம் கரையில் ஒதுங்குவது எல்லாமே பாசி இல்லை. நாடா போன்ற இலையும் கணுக்கணுவான தண்டும் தெரிந்தால் அது கடற்புல். பூக்கும் தாவரம், உக்க நாள் எடுக்கும், மூடாக்குக்குப் போதும். நான் சொல்வது மண்ணிறப் பாசியை. மிளகளவு காற்றுக் குமிழ்கள் இருக்கும், நசுக்கினால் 'டப்' என்று உடையும். சர்காசம் என்பது அதன் பெயர். பொற்றாசியம் தாராளம், நைதரசன் கொஞ்சம், பொசுபரசு அதைவிடக் கொஞ்சம். ஆகவே மாட்டெருவுக்குத் துணையாகப் போடலாம், அதற்குப் பதிலாக அல்ல.

சரி, சத்துக் கணக்கை விடுங்கள். எனக்குப் பிடித்த கதை வேறு.

போன வருடம் பல் கட்டப் போனேன். வைத்தியர் ஒரு தூளைத் தண்ணீரில் குழைத்து, கரண்டி போன்ற தட்டில் அப்பி என் வாய்க்குள் அழுத்தினார். கூழாக இருந்தது இரண்டு மூன்று நிமிடத்தில் ரப்பராகிவிட்டது. அந்தத் தூளின் உயிர்நாடி அல்ஜினேற்று. மண்ணிறப் பாசியின் உடம்பிலிருந்து எடுப்பது, 1881இல் ஸ்டான்ஃபோர்ட் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் காப்புரிமை பெற்றது.

அல்ஜினேற்று ஒரு நீண்ட சங்கிலி. அதன் கண்ணிகள் இரண்டு வகைச் சர்க்கரை அமிலங்கள். ஒரு வகை அடுத்தடுத்து வரும் இடத்தில் சங்கிலி பட்டையாக ஓடும். மற்றது, குலுரோனிக் அமிலம், தொடர்ந்து வந்தால் சங்கிலி வளைந்து வளைந்து வரிசையாகக் குழிகள் விழும். அந்தக் குழிகளில் மறை ஏற்றம். சோடியத்துக்கு ஒரே நேர் ஏற்றம்தான், ஒரு சங்கிலியோடு ஒட்டிக்கொண்டு சும்மா இருக்கும். அதனால்தான் சோடியம் அல்ஜினேற்று வெறும் வழுவழுப்பு. கல்சியத்துக்கோ இரண்டு ஏற்றம். இந்தப் பக்கம் ஒரு சங்கிலி, அந்தப் பக்கம் ஒரு சங்கிலி, நடுவில் அது. கடையில் முட்டைத் தட்டில் முட்டை அடுக்கி, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்தது போலத்தான். வைத்தியரின் தூளில் கல்சியத்தைக் கொடுத்தது ஜிப்சம். இப்படிப் பிணைந்த வலைக்குள் தண்ணீர் அகப்பட்டுக்கொள்ளும்.

இனி நிலாவெளி மணலுக்கு வாருங்கள். ஒரு வாளி ஊற்றினால் கால் நனையுமுன் கீழே போய்விடும். மணிகளுக்கு இடையே அவ்வளவு பெரிய துளைகள். சிப்பித் துண்டுகளால் கல்சியம் மட்டும் ஏற்கெனவே உண்டு. பாசி அழுகும்போது நுண்ணுயிர்கள் சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்டும். வெளிவரும் பசை மணலைச் சிறு கட்டிகளாக ஒட்டி ஈரம் பிடித்து வைக்கும். அப்புறம் அதையும் அவையே தின்றுவிடும். எனவே வருடாவருடம் போட வேண்டும். அயர்லாந்தின் அரன் தீவுகளில் வெறும் சுண்ணாம்புப் பாறைமேல் மணலும் பாசியும் பரப்பி மண்ணையே உண்டாக்கி உருளைக்கிழங்கு நட்டிருக்கிறார்கள்.

2021இல் இலங்கையில் இரசாயனப் பசளையை ஒரே இரவில் நிறுத்திவிட்டு, பாசியில் செய்த சேதனப் பசளை என்று சீனாவிலிருந்து ஒரு கப்பலை வரவழைத்தோம். மாதிரியில் கேடான பற்றீரியா இருக்கிறது என்று திருப்பியும் விட்டோம். அதற்குச் செலவான காசில் ஆயிரத்தில் ஒரு பங்கை எடுத்து, இங்குள்ள பாசியைச் சோதித்துப் பார்க்கக் கோணேசபுரிப் பல்கலைக்கழக வளாகத்துப் பிள்ளைகளுக்கு நாலு வெங்காயப் பாத்தியும் ஒரு உப்புமானியும் கொடுத்திருக்கலாம். எனக்கு இன்னும் ஆறவில்லை.

உப்புக்கு வருவோம். வெங்காயம் உப்பைத் தாங்காது, கேட்டவரின் பயம் நியாயம்தான். ஒதுங்கியதை அலை எட்டாத மேட்டில், வாடை மழையில் பரப்பிப் போடுங்கள். இரண்டு மூன்று பெருமழை போதும். மாரி முழுக்க விட்டால் உப்போடு பொற்றாசியமும் கழுவிப் போய்விடும். ஒரு துண்டை நாக்கில் வையுங்கள், கரிப்பு போயிருந்தால் மண்ணுக்குள் தாழ்க்கலாம். பாறையில் உயிரோடு இருப்பதைப் பிடுங்கவேண்டாம், புறாத்தீவுப் பக்கம் போகவே வேண்டாம், அது தேசியப் பூங்கா. அள்ளும்போது நைலோன் வலைத் துண்டுகளைப் பார்த்துப் பொறுக்குங்கள். பாசி உக்கினாலும் அவை உக்காது, மண்வெட்டியில்தான் சுற்றும்.